மலிவு ரேடியோவும் பூட்டிய காதும்

கே: ஹிட்லர் ஆட்சியில் மக்களுக்கு மலிவு விலையில் ரேடியோ விற்றார்களாமே? அதில் வெளிநாட்டு நிலையமே எடுக்காதாமே, உண்மையா? – வாசகர், தஞ்சாவூர்

ப: விலை உண்மை. எடுக்காது என்பது பாதிதான் உண்மை. 1933 ஆகஸ்டில் வந்த ‘மக்கள் வானொலி’ 76 மார்க் (மார்க் என்பது ஜெர்மன் நாணயம்). அதன் மாடல் எண்ணிலுள்ள 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கும். 1938இல் இன்னும் சிறிய பெட்டி 35 மார்க்குக்கே வந்தது. இவற்றில் தொலைதூர நிலையங்களைப் பிடிக்கும் சிற்றலை கிடையாது, திறனும் குறைவு. பகலில் பக்கத்து நிலையம்தான் தெளிவாகக் கேட்கும். ஆனால் இரவில், நல்ல ஏரியல் கட்டினால், லண்டன் கேட்டுவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் சட்டம் வந்தது. 1939 செப்டம்பர் 1-ல், போர் தொடங்கிய அன்றே, வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றமானது. கேட்டால் சிறை, கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனைகூட விதிக்கலாம். ரேடியோவின் திருகுக் குமிழிலேயே எச்சரிக்கை அட்டை தொங்கியது. வீட்டுக்கு வீடு போலீஸ் நிற்க முடியாது. அண்டை வீட்டாரின் புகாரே அந்த வேலையைச் செய்தது. இதுதான் இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய பகுதி.

ஓயாத பேச்சு சலிப்பூட்டும் என்பது பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குத் தெரியும். அதனால் போர்க்காலத்தில் மெல்லிசைக்கு நிறைய நேரம் ஒதுக்கினார். பாட்டுக்காகத் திறந்த பெட்டியில் செய்தியும் வந்துவிடும் அல்லவா?

தடையையும் மீறிப் பலர் கேட்டார்கள். பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களின் பெயர்களை மாஸ்கோ வானொலி வாசித்தது. மகன் உயிரோடிருக்கிறானா என்று அறிய வேறு வழியில்லாத குடும்பங்கள், ஒலியைக் குறைத்து, பெட்டியோடு காதை ஒட்டி உட்கார்ந்திருந்தன.