நகாலாவில் குடோன் போடலாமா?

கேள்வி: மூன்று தலைமுறையாகப் பருப்பு வியாபாரம் எங்களுக்கு. மொசாம்பிக்கில் இருக்கும் நண்பர், நகாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில் துவரை கொள்முதலுக்கு ஒரு குடோன் போடலாம், பாதிப் பணம் போட்டால் நிலத்தில் பாதியை என் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்கிறார். வடக்கே தீவிரவாதிகள் நடமாட்டம் என்று செய்தி வருகிறது. துணிந்து இறங்கலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: துப்பாக்கிக்கு முன்னால் அந்த நிலத்தைப் பேசிவிடுவோம். மொசாம்பிக்கில் நிலம் மொத்தமும் அரசுக்குச் சொந்தம். விற்கவோ அடகு வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. ‘துவாட்’ என்கிற பயன்பாட்டு உரிமை மட்டும்தான் கிடைக்கும். அப்படியிருக்க, எதை உங்கள் பெயருக்கு எழுதப் போகிறார்? அவருக்கு இது தெரியாது என்றால் கூட்டு வேண்டாம். தெரிந்தே சொல்கிறார் என்றால் கூட்டு வேண்டவே வேண்டாம்.

இனி வடக்கு. காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் மொசிம்போவா டா பிராயாவில் கிளர்ச்சி தொடங்கியது. 2021 மார்ச் 24 அன்று பால்மா நகரம் தாக்கப்பட்டது. ஓட்டலில் சிக்கிய வெளிநாட்டு ஊழியர்கள் வண்டிகளில் தப்பிக்கப் பார்த்தபோது வழியிலேயே சுட்டார்கள். பக்கத்து அஃபுங்கியில் டோட்டல் நிறுவனத்தின் 2,000 கோடி டாலர் எரிவாயுத் திட்டம் அடுத்த மாதமே நின்றது. நம் அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கும் அதில் 30 சதவீதப் பங்கு. மொசாம்பிக்குக்கு உதவியாக ருவாண்டா ராணுவம் வந்தது. ஆனாலும் திட்டத்தின் மீதான முடக்கம் நீங்க 2025 நவம்பர் ஆயிற்று. அதே கடலில் எனி நிறுவனம் மிதக்கும் ஆலையை நிறுத்தி, 2022 நவம்பரிலேயே எரிவாயுவைக் கப்பலேற்றிவிட்டது. நாலரை வருஷம் காத்திருக்க டோட்டலால் முடியும். கடலுக்குள் போய்விட எனியால் முடியும். உங்கள் குடோன் கரையில்தான் நிற்கும்.

நகாலா, தெற்கே அடுத்த மாகாணமான நம்புலாவில் இருக்கிறது. போர்முனை அல்ல. ஆனால் 2022 செப்டம்பரில் அதே நம்புலாவின் மெம்பா மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷன் தாக்கப்பட்டு இத்தாலியக் கன்னியாஸ்திரி ஒருவர் கொல்லப்பட்டார். மெம்பா நகாலாவுக்கு வடக்கே பக்கத்தில்தான்.

சரி, துவரைக்காரரை உண்மையில் எது கவிழ்க்கும்? 2023 கடைசியில் நம் ஊரில் துவரை விலை ஏறிக் கிடந்தபோது நகாலாவில் மூட்டைகள் முடங்கின. குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை. இரண்டு பெரிய வியாபாரிகளுக்குள் வழக்கு, கோர்ட் சரக்கை ஜப்தி செய்ய உத்தரவிட்டது, அவ்வளவுதான். வருஷம் 2 லட்சம் டன் வாங்க இரு அரசுகளுக்கும் ஒப்பந்தம் இருந்தும் இந்தக் கதி. 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு ஊர் ஊராகப் போராட்டம்; தலைநகர் மாபுத்தோவில் கடைகள் சூறையாடப்பட்டன. தீவிரவாதியை விடக் கோர்ட்டையும் கலவரத்தையும் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு சீசன் குடோனே வேண்டாம். வாடகை இடத்தில் வாங்கி, கப்பலேற்றி, கணக்கு முடியுங்கள்.

கேள்வி: போர் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் போதாதா?
– அதே வாசகர்

பதில்: தூத்துக்குடியில் சரக்குக் காப்பீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அதிகம் காதில் விழுந்த கேள்வி இது. சாதாரண மரைன் பாலிசியில் போரும் கிடையாது, கலவரமும் கிடையாது. இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் போருக்கான பாதுகாப்பு சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் தொடங்கும். குடோனில் அடுக்கியிருக்கும் மூட்டைக்கு அது ஒரு பைசா தராது. கலவரப் பிரிவு லாரியில் போகும்போதும் செல்லும், ஆனால் நீங்களாக இருப்பு வைத்த சரக்குக்குச் செல்லாது. அதற்கு அங்கேயே தனிப் பாலிசி வேண்டும்.

போடும் முதலுக்கு, ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் நம் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் வெளிநாட்டு முதலீட்டுக் காப்பீடு உண்டு. போர், அரசு பறிமுதல், பணத்தை வெளியே அனுப்பத் தடை என மூன்றுக்கும் பொருந்தும். பங்காளி ஏமாற்றினால் பொருந்தாது. பணம் அனுப்பும் முன்பே விண்ணப்பத்தோடு போய்க் கேளுங்கள்.