'கிவன்' அனிமே வெறும் காதல் கதைதானா?

'கிவன்' வெறும் காதல் கதைதானா, பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். 2019இல் வந்த ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்), மொத்தம் 11 அத்தியாயங்கள்தான். இரண்டு பள்ளி மாணவர்களுக்கு இடையே அரும்பும் காதல் என்றாலும், என்னைப் பொறுத்தவரை இது துக்கத்தைப் பற்றிய கதை.

அந்த இருவரில் ஒருவனான மாஃபுயு, கம்பி அறுந்த கிதாரைக் கட்டிப்பிடித்தபடி பள்ளி மாடிப்படியில் தூங்குகிறான். இன்னொருவனான உயெனோயாமா புதுக் கம்பி மாட்டி ஒருமுறை மீட்டியதும் மாஃபுயுவின் கண்கள் விரிகின்றன. அந்தக் கிதார் மாஃபுயுவின் இறந்துபோன காதலனுடையது என்பது அப்புறம்தான் தெரியவரும். ஒன்பதாவது அத்தியாயத்தில், மேடையேறும் வரை பாட்டுக்கு வரி கிடைக்காமல் தவித்த மாஃபுயு வாய் திறந்து பாடுகிறான். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையும் ஏக்கமும் அந்தக் குரலில் ஒன்றாக வந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மூன்று முறை திரும்பப் பார்த்தேன்.

சரி, ஒன்று: கதையில் தற்கொலை வருகிறது. மனம் கனத்திருக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள்.