ஒரே மருந்து இருவருக்கும் ஆகுமா?

அன்புள்ள ஐயா,

என் சித்திக்குச் சிறுநீரகப் புற்றுநோய். அப்பாவுக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவின்போது செயல்படும் ஒரு புரதத்தைக் குறிவைத்தால் இரண்டு நோய்களையும் குணப்படுத்தலாம் என்று படித்தேன். அப்படியானால் ஒரே மருந்து இருவருக்கும் ஆகுமா?
ர.

அன்புள்ள ர.,

ஆகாது. ஒருவருக்கு உதவுவது மற்றவருக்குத் தீங்காகவும் முடியலாம். நீங்கள் படித்தது ‘ஹிஃப்’ என்ற புரதத்தைப் பற்றி. அதைக் கண்டறிந்த கிரெக் செமென்சாவுக்கும், அது இயங்கும் விதத்தைத் துலக்கிய வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் இருவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் செல்கள் இப்புரதத்தை இடைவிடாமல் உருவாக்கி, உருவான சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகின்றன. ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு நொதி அதன்மீது சிறு வேதி அடையாளம் இடுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அதை அழிவுக்கு அனுப்புகிறது. அடையாளமிடவே ஆக்சிஜன் தேவை என்பதால், அது குறையும்போது ஹிஃப் அழியாமல் சேர்ந்து, உட்கருவுக்குள் சென்று, புதிய இரத்தக் குழாய்களுக்கும் சிவப்பணுக்களுக்கும் ஆக்சிஜனின்றிச் சர்க்கரையை எரிப்பதற்கும் உரிய மரபணுக்களை இயக்குகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத ஏற்பாடு இது.

அடைபட்ட இதயத்தசைக்கு இது தற்காப்பு. இரத்த ஓட்டத்தை மீறி வளரும் கட்டிக்கோ இதுவே பிழைக்கும் வழி. சித்திக்கு இருப்பது சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பரவலான தெளிசெல் (clear cell) வகையென்றால், பெரும்பாலும் வி.எச்.எல். மரபணுவே பழுதாகி, ஆக்சிஜன் இருந்தும் செல்கள் மூச்சுமுட்டியவை போல நடந்துகொள்ளும். ஹிஃப்பின் ஒரு வகையான ஹிஃப்-2ஐத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்ற மருந்து 2023 டிசம்பரில், முந்தைய சிகிச்சைகளுக்குப் பிறகும் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரத்தசோகையும், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதும் அதன் முக்கியப் பக்கவிளைவுகள். இதயநோயாளிக்கு இவை எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹிஃப்பை உயர்த்தும் மருந்துகளும் உள்ளன. இந்தியாவில் 2022இல் ஒப்புதல் பெற்ற டெசிடுஸ்டாட் அவற்றில் ஒன்று; ஆனால் அது சிறுநீரகச் செயலிழப்பால் வரும் இரத்தசோகைக்கானது, இதயத்துக்கானது அன்று. விலங்குகளில் குறுகிய கால உயர்வு மாரடைப்பின் சேதத்தைக் குறைத்திருக்கிறது. நீண்டகால உயர்வோ எலிகளின் இதயத்தசையையே கெடுத்திருக்கிறது. இவ்வகையைச் சேர்ந்த டாப்ரோடுஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் மாரடைப்பு, பக்கவாதம் குறித்த கடும் எச்சரிக்கையுடனேயே ஒப்புதல் தரப்பட்டது.

சித்தியின் மருத்துவரிடம் கட்டியின் வகையைக் கேளுங்கள். அப்பா, ஸ்டென்டுக்காகத் தரப்பட்ட இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.