முட்டி ஆபரேஷனுக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். மனைவிக்கு வயது 57. 2016 முதல் சரவாங்கி (முடக்குவாதம்). வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, போன வருடத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு அடலிமுமாப் ஊசி. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மூட்டு மாற்ற ஒரு காலுக்கு ரூ.2,60,000 ஆகும் என்று சேலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலது காலை முதலில் செய்யலாம், இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம் என்கிறார் எலும்பு மருத்துவர். மகனோ இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்கிறான். 2020 ஆகஸ்ட்டில் எடுத்த ரூ.5 லட்சம் குடும்ப பாலிசியை விடாமல் புதுப்பித்து வருகிறோம். படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்பினார். நோயை எழுதினாரா என்று தெரியவில்லை. கையில் ரூ.4 லட்சம் எஃப்.டி., 12 பவுன் நகை. காப்பிப் பணம் தை, மாசியில் வரும். எந்தப் பணத்தைத் தொடுவது?

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். அது ஊசிக்கான பணம்.

மூட்டை மாற்றினால் அந்த முட்டியின் வலி போகும், சரவாங்கி போகாது. கை விரல், மணிக்கட்டு, இன்னொரு முழங்கால் எல்லாவற்றையும் காப்பாற்ற மருந்து தொடர வேண்டும். ஆபரேஷனுக்கு பாலிசி பணம் தரும். ஓ.பி.யிலோ வீட்டிலோ போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. சேமிப்பை ஆபரேஷனில் கரைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஊசியை நிறுத்தினால், அடுத்த மூட்டு போகும்.

பாலிசி தருமா என்ற பயத்துக்கு வருவோம். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு விதிகளை மாற்றியது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று குறைந்தது. தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, ‘நோயைச் சொல்லவில்லை’ என்று காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. உங்களுக்கு 2025 ஆகஸ்ட்டிலேயே 60 மாதம் நிறைந்துவிட்டது. இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பங்குக்கு மட்டும் அந்த நாளிலிருந்து தனிக் கணக்கு. எதற்கும் பாலிசி அட்டவணையில் ‘முன்பே உள்ள நோய்கள்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். முதல் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

கிளைம் அதிகம் சிக்குவது அட்மிஷன் போடும் அரை மணி நேரத்தில்தான். டியூட்டி டாக்டர் “எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்பார். வலியில் இருப்பவர் “அது இருக்குங்க, இருபது வருஷமா மூட்டுவலி” என்பார். கேஸ் ஷீட்டில் ‘20 ஆண்டுகளாக முடக்குவாதம்’ என்று ஏறிவிடும். அதுவே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகும். பாலிசிக்கு முன்பே இருந்த நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்ததாகக் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். 2016-ன் முதல் மருந்துச் சீட்டையும் அப்போதைய ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த வருடத்தையே எழுதச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாலிசி எடுத்த பிறகு வந்தது என்று சொன்னால் கிளைம் கிடைத்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மோசடி என்ற ஒரு சொல்லுக்கு அந்த 60 மாதப் பாதுகாப்பே போய்விடும்.

அடுத்து, அறை. ரூ.5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம் என்று இருந்தால் நாளுக்கு ரூ.5,000. ரூ.7,500 அறை எடுத்தால் வித்தியாசம் நாலு நாளுக்குப் பத்தாயிரம்தானே என்று தோன்றும். அப்படி முடியாது. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் சர்ஜன் கட்டணம், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பார்கள். அவை மொத்தம் ரூ.1,20,000 என்றால் உங்களுக்குக் கிடைப்பது ரூ.80,000. ஆக, அறை வித்தியாசத்தோடு சேர்த்துக் கையிலிருந்து போவது ரூ.50,000. மருந்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) பரிசோதனைகளுக்கும் இந்த வெட்டு கிடையாது. ‘மூட்டு மாற்றுக்கு ஒரு காலுக்கு இவ்வளவுதான்’ என்ற உள்வரம்பும், பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டும் கோ-பேயும் இருக்கிறதா என்று பாலிசி அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

இம்ப்ளான்ட் விலையைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட் குரோமியம் முழங்கால் செட்டுக்கு ரூ.54,720, ஜிஎஸ்டி தனி. ‘மூட்டு மட்டும் ஒன்றரை லட்சம்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எந்த வகை, எந்த வரம்பு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெட்டியில் இருக்கும் வரிசை எண் ஸ்டிக்கரும் பில்லும் கிளைமுக்குத் தேவை. ஒரு நகலை வீட்டிலும் வையுங்கள்.

தேதியை மூன்று காலண்டர் பார்த்துக் குறிக்க வேண்டும். முதலாவது மருந்துக் காலண்டர். அடலிமுமாப் மாதிரி ஊசிகள் கிருமித் தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைப்பவை. பதினைந்து நாள் ஊசி என்றால் ஒரு தவணையை விட்டு, கடைசி ஊசியிலிருந்து மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன் வைப்பது வழக்கம். தையல் பிரித்து, புண் ஆறிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறுபடி தொடங்குவார்கள். மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை. நீங்களாகப் பயந்து நிறுத்தினால் நோய் கிளம்பி, பிசியோதெரபியே செய்ய முடியாமல் போகும். ஸ்டீராய்டு சாப்பிட்டால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாதநோய் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் பேசி, தேதி போட்டு எழுதித் தரட்டும். இதைப் பணக் கேள்விக்குள் ஏன் கொண்டு வருகிறேன் என்றால், மாற்றிய மூட்டில் தொற்று ஏறினால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், பிறகு மறு ஆபரேஷன். மறு ஆபரேஷன் இம்ப்ளான்ட்டுக்கு மட்டும் 2017 உச்சவரம்பு ரூ.1,13,950. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, ரத்தசோகை இருந்தால் முன்பே சரிசெய்துகொள்வது அதைவிட எவ்வளவோ மலிவு. நீண்ட நாள் சரவாங்கியில் கழுத்தெலும்பும் தளர்ந்திருக்கலாம் என்பதால் மயக்க மருந்துக்கு முன் கழுத்து எக்ஸ்ரே கேட்பார்கள். வீண் செலவு என்று மறுக்காதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் பரிசோதனை பில்களைப் பெரும்பாலும் பாலிசி தருகிறது.

இரண்டாவது, பாலிசி காலண்டர். இரண்டு காலுக்கும் ரூ.5,20,000 என்றால் ஒரு வருடத் தொகையைத் தாண்டிவிடும். வலது காலை மார்ச்சிலும், ஆகஸ்ட்டில் புதுப்பித்த பிறகு இடது காலையும் செய்தால் ஒவ்வொன்றுக்கும் முழு ரூ.5 லட்சம் வரம்பு கிடைக்கும். ஒரே தடவையில் செய்தால் மொத்தச் செலவு குறையலாம். ஆனால் அதை மயக்க மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நானோ உங்கள் மகனோ அல்ல. பிரீமியத்தைக் கெடு தேதிக்கு முன்பே கட்டுங்கள்.

மூன்றாவது, தோட்டத்துக் காலண்டர். மார்ச் என்றால் பழம் பறித்து முடிந்து, காப்பிப் பணமும் கைக்கு வந்திருக்கும். அதற்காக வியாபாரியிடம் இப்போதே முன்பணம் வாங்கி விலையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கிடைத்த பிறகும் ரொக்கம் தேவைப்படும். கையுறை, டிரேப் (ஆபரேஷனில் உடலை மூடும் துணி) போன்ற பொருள்களைப் பல பாலிசிகள் கழித்துவிடும். வாக்கர், உயரமான கழிவறை இருக்கை, பிசியோதெரபி எல்லாம் உண்டு. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது புது முட்டிக்கு ஆகாது. சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஆறு வாரத்துக்குத் தரைத்தள வீடு ஒன்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து ரூ.1 லட்சம் ஒதுக்குங்கள். காப்பிப் பணம் தாமதமானால் எஃப்.டி. மேல் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல், டெபாசிட்டும் உடையாது. நகை அடுத்த வரிசையில் இருக்கட்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்றால் வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலக மையத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதியலாம். வருமானம் கூடுதல் என்றால் அந்த வழி வேண்டாம்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அடுத்த ஊசிக்கு மனைவியை அழைத்துப் போகும்போதே வாதநோய் மருத்துவரிடம் மார்ச் என்று சொல்லி, எந்தத் தவணையை விடுவது என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் தேதியை அதற்குப் பிறகு குறிக்கலாம்.