சோறு போடுமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவ கேட்டேன். மக எஸ்பிஎம், அதான் அஞ்சாம் படிவப் பரீட்சை, முடிச்சிட்டா, நர்சிங் ஃபாரம் வாங்கிக் குடுத்தா தொடக்கூட மாட்டேங்கிறா, காடு ஆறுன்னு வேலை செய்யிற இயக்கத்துலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, இது சோறு போடுமா டீச்சர்னு கேட்டீங்க. உங்க வீட்டுக்கார அண்ணன் முதுகு செம்பனைக் குலை தூக்கித் தூக்கியே போனத பாத்தவங்க நீங்க, மக ஒரு நிலையான சம்பளத்துல உக்காரணும்னு நெனக்கிறதுல என்ன தப்பு இருக்கு.

நேராவே சொல்லிடறேன். சோறு போடும். ஆனா ஆசைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா போடாது, கையில ஒரு தொழில் இருக்கணும். நம்ம ஊரு பத்தாங் பெர்சுந்தை பிள்ளைங்களுக்கு இருபது வருஷமா ஃபாரம் நிரப்பிக் குடுக்கிறேன், ரெண்டு மாதிரியும் போனவங்கள பாத்திருக்கேன்.

இந்த ஆசை அவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? 2020 செப்டம்பர்ல ரவாங் பக்கம் சுங்கை கோங்ல எவனோ கழிவ ஊத்தி, சுங்கை சிலாங்கூர் தண்ணிய சுத்திகரிக்கிற நாலு நிலையத்தையும் மூடினாங்களே, அப்ப சின்னப் பிள்ள அவ, உங்ககூட வாளி தூக்கிக்கிட்டு லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னா. நம்ம வீட்டு வாசல்ல ஓடுற ஆத்துலேர்ந்துதான் கோலாலம்பூரே தண்ணி குடிக்குது, அந்த ஆத்தோரம் இருக்கிற நமக்கே குழாயில சொட்டு இல்லன்னு அன்னிக்கு அவ கேட்டத நீங்கதான என்கிட்ட சொன்னீங்க. அப்புறம் போன வருஷம் ராஜா மூசா காட்டுக்கு கன்னு நடக் கூட்டிட்டுப் போனோம். அங்க இலை தழை மக்கிச் சேந்த கரிமண்ண ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சா பால் ஊத்தாத கோப்பி ஓ மாதிரி தண்ணி ஒழுகும், கால வச்சா முட்டி வரைக்கும் உள்ள போயிடும், அந்த மண்ணு காஞ்சுபோனா மட்டும் தீ அடியில அடியிலயே வாரக்கணக்குல புகையும், நமக்கெல்லாம் கண்ணு எரியும். மத்த பிள்ளைங்க படம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப உங்க மக அங்க இருந்த ஆள்கிட்ட, வாய்க்கால எதுக்கு அடைக்கிறீங்க, தண்ணி எவ்ளோ ஏறணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பவே நெனச்சேன், இது சும்மா வந்த ஆசை இல்லன்னு.

ராஜா மூசாவுல அந்த வேலைய செய்யிறது பெட்டாலிங் ஜெயாவுல இருக்கிற குளோபல் என்வைரன்மென்ட் சென்டர், 1998-லேர்ந்து இருக்கு, வன இலாகாவோடயும் அங்க சுத்துவட்டார கம்போங், அதான் கிராமத்து, ஆளுங்களோடயும் சேந்து செய்யிறாங்க. வட சிலாங்கூர் கரிமண் காடு ஏறக்குறைய 80 ஆயிரம் ஹெக்டர், அத ரெண்டு மூணு பேரு மண்வெட்டியோட பாத்துக்க முடியுமா? கன்னு நடுறது ஒரு நாள் கூத்து, மிச்ச நாளெல்லாம் நெலத்தடித் தண்ணி எவ்ளோ இறங்கியிருக்குன்னு அளக்கணும், மேப் போடணும், காசு குடுத்தவங்களுக்கு கணக்கு ஒப்படைக்கணும், கம்போங் ஆளுங்ககிட்ட மலாய்ல பொறுமையா பேசணும். அதனால இந்த மாதிரி இயக்கம் ஆள் எடுக்கும்போது இயற்கைய நேசிக்கிறியான்னு கேக்க மாட்டாங்க, என்ன தெரியும்னு கேப்பாங்க. கணக்கு படிச்சவங்களுக்கும் அங்க இடம் இருக்கு, இத பெத்தவங்க யாருமே நெனச்சுப் பாக்கிறதில்ல.

நம்ம ஆளுங்க இதுக்குள்ள இல்லன்னும் நெனச்சிடாதீங்க. 1977-ல ஆரம்பிச்ச சஹாபாட் ஆலாம் மலேசியாங்கிற சுற்றுச்சூழல் இயக்கத்த நடத்தினவர் எஸ்.எம்.முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டுல பொறந்து பினாங்குல வாழ்ந்த மனுஷன், 2019-ல காலமாகிற வரைக்கும் விடாம பேசினாரு, இப்ப தலைவரா இருக்கிறது மீனாட்சி ராமன், வக்கீலுக்குப் படிச்சவங்க. ஈப்போ பக்கம் புக்கிட் மேராவுல கதிரியக்கக் கழிவு பிரச்சனையில 1985-ல குடியிருக்கிற ஜனங்களே வழக்குப் போட்டு, 1992-ல ஹைகோர்ட்டுல ஜெயிச்சு, மேல் கோர்ட்டுல 1993-ல தோத்து, ஆனாலும் 1994-ல அந்த ஆலை மூடிடுச்சு. அவ்ளோ வருஷம் அந்த ஜனங்க கூட நின்னது சட்டம் தெரிஞ்சவங்களும் மருத்துவம் தெரிஞ்சவங்களும்தான்.

இப்ப நம்ம எஸ்டேட்டுக்கே வரேன், இதத்தான் உங்ககிட்ட முக்கியமா சொல்லணும். மில்லுக்குப் பின்னாடி வரிசையா குளம் இருக்கே, நாத்தம் தாங்காம மோட்டார்ல போகும்போது மூக்க பொத்திக்கிட்டுப் போவோமே, அந்த குளத்துலயே சட்டப்படி ஒரு வேலை இருக்கு அக்கா. குலைய வேகவச்சு எண்ணெ எடுத்த பிறகு வர கழிவுத் தண்ணி இருக்கே, அதுல இருக்கிற அழுக்கு எவ்ளோ ஆக்சிஜன இழுக்கும்னு காட்டுற பிஓடின்னு ஒரு அளவு பாப்பாங்க, பச்சையா வரும்போது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும், ஆத்துல விடணும்னா 100-க்கு கீழ இறங்கணும், சில இடத்துல 20-க்கு கீழ. இத கண்காணிக்க தகுதி பெத்த ஆள் ஒருத்தர மில்லு வச்சிருக்கணும்னு 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் சொல்லுது. அந்தத் தகுதிக்கான பயிற்சிய சுற்றுச்சூழல் இலாகாவோட பயிற்சி நிலையம் எய்மாஸ் குடுக்குது, பாங்கி யூகேஎம் யுனிவர்சிட்டி வளாகத்துலதான் இருக்கு. அதே கழிவுத் தண்ணிய மூடி வச்சா ஒரு கன மீட்டர்லேர்ந்து சுமார் 28 கன மீட்டர் பயோகேஸ் வரும், அதுல பாதிக்கு மேல மீத்தேன், அத இஞ்சின்ல எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்க, திறந்த குளமா விட்டா அந்த மீத்தேன் அப்படியே ஆகாசத்துக்குப் போய் வெப்பத்த ஏத்தும். அப்பா குலை தூக்கின அதே தோட்டத்துல மக லேப் கோட்டு போட்டுக்கிட்டு தண்ணி சாம்பிள் எடுக்கலாம், அதுவும் சுற்றுச்சூழல் வேலைதான். 2020-லேர்ந்து எம்எஸ்பிஓன்னு செம்பனைக்கான நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயம்ங்கிறதால ஆடிட் பாக்கவும் ஆள் தேவைப்படுது.

சோலார் பத்தி அவ தம்பி கேட்டான்னீங்க. அவனுக்கு படிப்பு ஏறலைன்னா கவலையே வேணாம், வயர்மேன் லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்க, எரிசக்தி ஆணையம் சுருஹான்ஜாயா தெனாகா தர்றது, அது இல்லாம கூரையில பேனல் மாட்டுற வேலையில கூலியாளா மட்டும்தான் நிப்பான். கவர்மெண்டு 2023-ல போட்ட எரிசக்தி திட்டத்துல 2050-க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல 70 விழுக்காடு புதுப்பிக்கக்கூடிய எரிசக்தியா இருக்கணும்னு வச்சிருக்காங்க, அதுக்கு கை எவ்ளோ வேணும்னு பாருங்க. எஸ்கேஎம்ங்கிற தொழில் திறன் சான்றிதழ் படிக்க கவர்மெண்டோட பிடிபிகே நிதி கடன் குடுக்குது. சபாவுல பெனம்பாங்ல தொனிபுங்னு ஒரு இயக்கம், கரண்ட் கம்பம் போகாத கம்போங்ல ஓடைத் தண்ணிய குழாயில இறக்கி சின்ன டர்பைன் சுத்தவச்சு கரண்ட் எடுத்துக் குடுக்குது. அந்த கம்போங் ஜனங்களே கோத்தோங் ரோயோங்ல, அதான் ஊரே கூடி, மண்ணு வெட்டுவாங்க, அவங்களே குழு போட்டு பாத்துக்குவாங்க. மேல இருக்கிற காட்ட வெட்டினா ஓடை காஞ்சிடும், ஓடை காஞ்சா வெளக்கு அணைஞ்சிடும், அதனால காட்ட யாரும் தொட விடமாட்டாங்க. இந்த ஒண்ண உங்க மகளுக்கு கண்டிப்பா சொல்லுங்க, அவ மனசுல இருக்கிறது இதுதான்.

ஒரு வருத்தமான விஷயமும் சொல்லணும். என்கிட்ட படிச்ச ஒரு பையன் எஸ்டிபிஎம், அதான் ஆறாம் படிவப் பரீட்சை, முடிச்ச கையோட ஒரு இயக்கத்துல போய் சேந்தான், பேரு சொல்ல வேணாம், மூணு மாசம் சம்பளம் வரல, கேட்டா நிதி வரல, நீயும் தியாகம் பண்ணுன்னாங்க, இபிஎஃப் சேமநிதியும் கட்டல. நானும் விசாரிக்காம அவன அனுப்பிட்டேன், இன்னிக்கு வரைக்கும் மனசு அடிச்சுக்குது. அதுலேர்ந்து யாரு வந்தாலும் மொதல்ல சங்கங்களப் பதியிற ஆர்ஓஎஸ்ல பதிவு இருக்கான்னு பாக்கச் சொல்றேன், கம்பெனிங்களப் பதியிற எஸ்எஸ்எம்ல பதிஞ்சிருந்தா அதையும் பாக்கணும். சம்பளம் எந்தத் திட்டத்துக் காசுலேர்ந்து வருது, அது எப்ப முடியும், இபிஎஃப், சொக்சோ காப்புறுதி உண்டான்னு வாயத் திறந்து கேக்கணும், கேக்கிறதுல வெக்கமே இல்ல. இந்த வேலையில பெரும்பாலும் ஒப்பந்தம் ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னுதான் இருக்கும், அதுக்கு வீட்டுல எல்லாரும் மனச தயார் பண்ணிக்கணும். தொண்டூழியம்னா தொண்டூழியம்னு தெரிஞ்சு போகட்டும், வேலைன்னா குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளிக்கு கீழ ஒத்துக்க வேணாம்.

டிரையல் பரீட்சையில அவ பயோலஜி நல்லா வந்திருக்கு, கெமிஸ்ட்ரி பரவாயில்ல, ஆட் மேத்ஸ்தான் விழுந்திருக்கு. அதுக்காக அழ வேணாம். எஸ்டிபிஎம் எடுத்துட்டு யூபிஎம் யுனிவர்சிட்டில வனம் சுற்றுச்சூழல் ஃபேக்கல்டி, இல்லன்னா தெரெங்கானு யூஎம்டி யுனிவர்சிட்டின்னு போகலாம், ஒன்றரை வருஷம் பொறுத்தா போதும். அவ்ளோ நாள் பொறுக்க முடியாது, வீட்டுல சீக்கிரம் காசு வேணும்னா, லேப் வேலைக்கான டிப்ளமா எடுத்துக்கிட்டு மில்லுப் பக்கமோ தண்ணி பரிசோதனைப் பக்கமோ போய், பின்னாடி எய்மாஸ் சான்றிதழ் எடுக்கலாம். என் மனசுக்கு எஸ்டிபிஎம்தான் படுது, ஏன்னா இந்தப் பிள்ள கேள்வி கேக்கிற பிள்ள. எஸ்பிஎம் ரிசல்ட்டு வர வரைக்கும் ரெண்டு மாசம் சும்மா உக்காத்தி வைக்காதீங்க, கோலசிலாங்கூர்ல இருக்கிற நேச்சர் பார்க்குக்கு வாரத்துல ஒரு நாள் தொண்டூழியமா அனுப்புங்க, பஸ்ஸு காசு ரெண்டு வாரத்துக்கு நான் தரேன்.

சனிக்கிழமை காலையில பசியாறிட்டு பத்து மணிக்கு வாங்க. அவ டிரையல் ரிசல்ட்டு, கோக்குன்னு சொல்ற புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க, அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, அந்த மில்லுக் குளத்தப் பத்தி அவருக்கு என்னவிட நெறைய தெரியும், மக முன்னாடி அவரே சொல்லட்டும்.