போன பணம் திரும்பினால்: வங்கிக் கேள்வி–பதில்

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பியின் இந்திய வங்கிக் கணக்குக்கு என்.இ.எஃப்.டி. மூலம் பணம் அனுப்பினேன். சிறிது நேரத்தில் என் கணக்குக்கே திரும்பிவிட்டது. கணக்கு எண்ணைச் சரிபார்த்து மறுபடி அனுப்பினேன், அதுவும் திரும்பியது. எங்கே தப்பு?

பதில்: மூன்றாம் முறை அனுப்பாதீர்கள். பணம் திரும்ப வரவான வரியை ஸ்டேட்மென்ட்டில் படியுங்கள். 'ரிட்டர்ன்' என்ற சொல்லோடு யு.டி.ஆர். எண்ணும் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண்), பெரும்பாலும் காரணமும் இருக்கும். மொபைல் ஆப்பில் அந்த வரி பாதியில் வெட்டுப்படுவதுண்டு, பி.டி.எஃப். ஸ்டேட்மென்ட்டை இறக்கிப் பாருங்கள். காரணம் இல்லையென்றால் யு.டி.ஆர். எண்ணைச் சொல்லிக் கிளையில் கேளுங்கள்.

எண் சரியாக இருந்தும் திரும்புகிறது என்றால், தம்பி கொடுத்தது என்.ஆர்.இ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை வைக்கும் கணக்காக இருக்கலாம். உள்நாட்டுக் கணக்கிலிருந்து வரும் ரூபாயை அதில் சாதாரணமாக வரவு வைக்க முடியாது. அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர் உள்நாட்டுப் பணத்தை வைக்கும் கணக்கு) எண்ணை வாங்கி அதற்கு அனுப்புங்கள். கணக்கு மூடப்பட்டிருந்தாலும், கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் முடக்கப்பட்டிருந்தாலும் இப்படித் திரும்பும். அவற்றைப் பெறுபவர்தான் தம் வங்கியில் சரிசெய்ய வேண்டும்; நீங்கள் எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை.

என்.இ.எஃப்.டி. அரைமணிக்கு ஒரு தொகுதியாக, நாள் முழுக்க 48 தொகுதிகளாக ஓடுகிறது. வரவு வைக்க முடியாத பணத்தைத் தொகுதி முடிந்த 2 மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2 சதவீதம் சேர்த்து, நீங்கள் கேட்காமலே தர வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது திரும்பாத பணத்துக்குத்தான். வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் வைத்து. ஓர் இலக்கம் மாறி அது வேறொருவரின் கணக்காக இருந்துவிட்டால், பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் காலை பணம் போட்டேன். அதற்குள் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகி, வங்கியும் கடன் நிறுவனமும் தனித்தனியாக அபராதம் போட்டுவிட்டன. இது சரியா?

பதில்: சரிதான், வருத்தமான விஷயம் என்றாலும். தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் என்.ஏ.சி.ஹெச். முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் இயங்குகிறது. விடுமுறைக்குத் தவணை காத்திருக்காது. முதல் நாள் மாலையே பணம் இருக்கட்டும். இருப்பு போதுமானதாகத் தெரிந்தாலும் அதில் 'லீன்' போட்ட தொகை (எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்தி வைத்தது) இருந்தால் அது கணக்கில் வராது. வட்டி ஏறித் தவணை கூடி, மேண்டேட்டில் (தவணை பிடிக்க நீங்கள் எழுதித் தந்த அனுமதி) குறித்த உச்சத் தொகையைத் தாண்டினாலும் திரும்பும். அப்போது புது மேண்டேட்தான் வழி.

இப்போது செய்ய வேண்டியது: கையால் கட்டுமுன், இதே தவணையை மறுபடி வங்கிக்கு அனுப்பப் போகிறீர்களா என்று கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் கட்டினால் இரண்டு முறை பிடித்தம் ஆகலாம். பதில் வரும்வரை தவணையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தாமத நாட்கள் கடன் அறிக்கையில் ஏறும்.

இதை வெறும் அபராதத்தோடு போகும் விஷயமாக எண்ணாதீர்கள். பணமின்றித் திரும்பும் மின்னணுப் பரிமாற்றம், செக் பவுன்ஸ் போலவே, 2007-ஆம் ஆண்டுப் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு நிற்காது.

கேள்வி: ஐ.எம்.பி.எஸ்.-இல் பணம் கழிந்தது. அவருக்கும் போகவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு நாளாகிறது.

பதில்: அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் அந்த எண்ணோடு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.