கை தொங்கினால் பி.பி. ஏறுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. செக்கப்பில் பி.பி. 146/92 என்று பார்த்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். வீட்டு மெஷினில் 133, 134 என்றுதான் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: அன்று அளக்கும்போது உங்கள் கை எங்கே இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது: ஆள் மாடி ஏறி மூச்சு வாங்க வந்து முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்காருவார், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள், கை அது பாட்டுக்குத் தொங்கும், காற்று ஏறும்போதே “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்ற கேள்வியும் வரும், அவரும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படி வந்த எண்ணை வைத்து ஆண்டுக்கணக்கில் சாப்பிடவேண்டிய மாத்திரையை முடிவு செய்வது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை.

2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 133 பேருக்கு இதைச் சோதித்தே பார்த்தார்கள். கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் அளவு (146/92 என்றால் அந்த 146) சராசரியாக 4 புள்ளி அதிகம், பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 அதிகம். கை இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க, அந்த உயர வித்தியாசத்துக்கான ரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். பட்டையின் அளவு இன்னும் பெரிய விஷயம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் அளவு ஏறக்குறைய 20 புள்ளி கூடுதலாகக் காட்டியது!

அதற்காக வீட்டு மெஷின் சொல்வதுதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலே அதிகம் என்றுதான் கணக்கு, நீங்கள் அந்த ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். ஏழு நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, பேசாமல். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி போட்டு, அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: பி.பி.யை 120-க்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு, பக்கவாதம் 25 சதவீதம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் எதில் 25 சதவீதம் என்று கேட்கவேண்டும். 2015-ல் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்விலிருந்து வந்த எண் அது. சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் இதய நோய் வர வாய்ப்பு அதிகமுள்ள, 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேர். 140-க்குக் கீழே போதும் என்று விட்ட குழுவில், சுமார் மூன்றேகால் ஆண்டில், ஆயிரத்தில் 68 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற ஏதோ ஒன்று வந்தது. 120-க்குக் கீழே இறக்கியவர்களில் 52 பேருக்கு. ஆக, ஆயிரத்தில் 16 பேர் தப்பினார்கள்; அது அந்த 68-ல் ஏறக்குறைய கால்வாசி, 25 சதவீதம் என்பது இதைத்தான். இது சின்ன விஷயமில்லை, உயிரிழப்பும் குறைந்தது. ஆனால் அதே குழுவில் மயக்கம், பி.பி. அளவுக்கு மீறி இறங்குவது, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் கூடுதலாகவும் வந்தன. 25 சதவீதம் என்று கேட்டவுடன் தலையாட்டுகிற அதே ஆள், ஆயிரத்தில் 16 என்று கேட்டால் கொஞ்சம் நிதானித்து, “சரி, எனக்கு மயக்கம் வர எவ்வளவு வாய்ப்பு?” என்று அடுத்ததைக் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம் இன்னொன்று. ஸ்பிரின்ட்டில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கி மெஷினில் மூன்று தடவை எடுத்த சராசரிதான் அந்த 120. அவசரத்தில் கை தொங்க எடுத்த அளவை 120-க்கு இறக்கப் பார்த்தால் தேவைக்கு மேல் மருந்து போய்விடும், வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள்.